உப்புக் காற்றில் காமிக்ஸ்: பாரிமுனையில் கிடைக்கும் உறை, அட்டை, ஜெல், பைண்டிங் பற்றி

வடசென்னையில், ராயபுரத்திலோ காசிமேட்டிலோ பல வருஷம் அலமாரியில் கிடந்த சென்டர் பின் காமிக்ஸ் ஒன்றின் நடுப்பக்கத்தைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவது கதாநாயகன் இல்லை. பின்களைச் சுற்றிப் படர்ந்திருக்கும் செம்பழுப்பு வளையம்தான். பின் துருப்பிடித்து, துரு தாளுக்குள் இறங்கி, அந்த இடம் பொரித்த அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். லேசாக இழுத்தால் நடுத்தாள் கையோடு வந்துவிடும். கோயம்புத்தூரில் ஒரு வீட்டில் இருந்திருந்தால் அதே இதழ் இவ்வளவு சீக்கிரம் இந்தக் கதிக்கு வராது. இங்கே உப்பும் ஈரமும் ஒரே காற்றில் வருகின்றன.

‘இரும்புக்கை மாயாவி’யோடு 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆரம்ப இதழ்கள் அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டன. 1984 ஜூலையில், ஒரே மாதத்தில் இறங்கிய லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் நாற்பதைக் கடந்தாயிற்று. எல்லாம் பையன்கள் படித்துவிட்டுத் தூக்கிப் போடட்டும் என்று மலிவுத் தாளில் அச்சிட்டவை. இவற்றைக் காப்பாற்ற, வெளிநாட்டு உறையும் அதற்குள் முதுகுக்கு வைக்கும் அட்டையும் சேர்ந்த செட்டுகளை ஆன்லைனில் வரவழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அளவுகள் பெரும்பாலும் அமெரிக்க மாத இதழுக்கானவை. நம்முடைய பாக்கெட் சைஸ் புத்தகம் அதற்குள் போனால், அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி ஆடும். தேவையான சரக்கெல்லாம் பாரிமுனையின் ஆண்டர்சன் தெரு, பந்தர் தெரு, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு வட்டாரத்திலேயே இருக்கிறது. பத்துக் கடையிலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான் என்பதால் இங்கே கடைப் பெயர் எதுவும் வராது. என்ன கேட்டு வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் உறை. ‘கவர் வேணும்’ என்றால் மூன்று ஜாதியை எடுத்துப் போடுவார்கள். கனமாக, கண்ணாடி மாதிரி, ஜிப் வைத்து வருவது பட்டுப்புடவைக் கவர். பார்க்கப் பாந்தமாக இருக்கும். முகர்ந்து பாருங்கள்: புது மழைக்கோட்டு வாசனை வந்தால் அது பி.வி.சி. அதை இளக்கமாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் நாளடைவில் வெளியே கசியும், கவர் பிசுபிசுக்கும், அட்டைப்படத்தின் மை கவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கூடவே அமிலமும் வெளிவிடும். இதில் காமிக்ஸ் வைப்பதற்குச் சும்மா செய்தித்தாளில் சுற்றி வைக்கலாம் என்று சொல்ல வாய் வருகிறது. செய்தித்தாளும் அமிலத் தாள்தான் என்பதால் அதையும் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது, மெழுகு பூசியது போல மங்கலாக இருக்கும் எல்.டி. (பாலித்தீன்) கவர். ஆபத்தில்லை. ஆனால் தொளதொளவென்று இருக்கும், படமும் மங்கித் தெரியும். இரட்டைப் பிரதிகளைக் கட்டி வைக்கப் போதும். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: ரெடிமேட் கடைகளில் சட்டை மடித்து வைக்கும் பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) கவர். கசக்கினால் மொரமொரவென்று சத்தம் வரும், படம் பளிச்சென்று தெரியும்.

கடைக்காரர் சொல்வதை நம்பத் தயக்கமாக இருந்தால் இரண்டு சோதனை. ஒரு துண்டு வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். பி.பி.யும் எல்.டி.யும் மிதந்து மேலே வரும், பி.வி.சி. அடியில் உட்காரும். பாலியெஸ்டரும் மூழ்கும், ஆனால் அது உறைகளிலேயே உயர்ந்த ரகம். அதனால் மூழ்கியதை மட்டும் அடுத்த சோதனைக்கு எடுங்கள். செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அந்தப் பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டவும். சுடர் பச்சையாக எரிந்தால் பி.வி.சி. இதை மொட்டை மாடியில் செய்யுங்கள். அந்தப் புகையை முகரக் கூடாது.

கவர் கிலோ கணக்கிலும் கிடைக்கும். கனம் குறைந்த சரக்கைத் தலையில் கட்டுவது இங்கேதான். 40 மைக்ரான் கனம் கேளுங்கள் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). 19 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரம், 4 செ.மீ. மடிப்பு உள்ள கவர் 40 மைக்ரானில் ஒன்று 4 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். கிலோவுக்குச் சுமார் 240. அதே அளவில் 320 நின்றால் கையில் இருப்பது 30 மைக்ரான். ‘கிலோவுக்கு நிறைய நிக்குது சார்’ என்று அதையே சலுகை மாதிரி சொல்வார்கள். 30 மைக்ரான் கவரில் புத்தகத்தை இரண்டு தடவை எடுத்து வைத்தால் பக்கவாட்டு ஒட்டு பிளந்துவிடும்.

அளவுக்கு ஒரு கணக்கு: புத்தக அகலத்தோடு அதன் தடிமனையும் கூட்டி, மேலே 1 செ.மீ. விடுங்கள். உயரத்துக்கு 1 முதல் 1.5 செ.மீ. போதும். லயன், முத்து இதழ்கள் காலத்துக்குக் காலம் அளவு மாறி வந்தவை. ‘லயன் சைஸ்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டு வாங்கினால் பாதி திரும்பி வரும். ஸ்கேலும் நான்கு மாதிரிப் புத்தகமும் கையோடு கொண்டு போவதுதான் வழி. தீபாவளி மலர், கோடை மலர் மாதிரிக் குண்டுப் புத்தகங்கள், 18 பாகத்தையும் ஒன்றாக்கி 2010-ல் வந்த கறுப்பு வெள்ளை ‘இரத்தப் படலம்’ எல்லாம் இந்தக் கவரில் நிற்காது, ஓரம் கிழியும். அவற்றைக் கவர் போடாமல், படுக்க வைத்து, மேலே பாரம் ஏற்றாமல் வைப்பதே மேல்.

இந்தக் கவரின் பெரிய குறை பசைப் பட்டை. மூடும் மடிப்பிலேயே பட்டை இருப்பதால், புத்தகத்தை வெளியே உருவும்போது மடிப்பு உள்பக்கமாகச் சாய்ந்து அட்டைப்படத்தின் மேல் விழுகிறது. ‘டப்’ என்று ஒட்டும். பிரித்தெடுத்தால் ஒரு விரல் அகலத்துக்கு மை உரிந்து வெள்ளை தெரியும். நல்ல பிரதி நொடியில் சாதாரணப் பிரதி ஆகிவிடும். பட்டை கவரின் உடம்பில் இருந்து, மடிப்பு அதன் மேல் வந்து படிகிற ரகமும் உண்டு. அதைக் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் பட்டை இல்லாத கவரை வாங்கி, மடிப்பைப் பின்பக்கம் மடித்து, வெளியே ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும். மடிப்பிலேயே பட்டை உள்ள கவர்தான் ஏற்கெனவே கையில் இருக்கிறதென்றால், மடிப்பை முழுக்கப் பின்னால் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அட்டையும் புத்தகமும் சேர்ந்து வரும்படி உருவவும். புத்தகத்தை மட்டும் தனியாக உருவவே கூடாது.

அட்டைக்கு வருவோம். கவருக்குள் முதுகுக்கு வைக்கும் இந்த அட்டையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாம்பல் நிற முதுகு கொண்ட டூப்ளெக்ஸ் அட்டை எல்லாக் கடையிலும் கிடைக்கும், விலையும் சல்லிசு. மறுசுழற்சிக் கூழில் செய்தது, அமிலம் இருக்கும். வெள்ளைப் பக்கத்தைப் புத்தகத்தை நோக்கி வைத்தாலும் சில வருஷத்தில் பின்னட்டையில் பழுப்பு இறங்கும். உள்ளும் புறமும் வெள்ளையான அட்டை வேண்டும்: ஐவரி போர்டு, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்). அதிலும் அமிலமற்றது எது என்று பார்க்க, ஓரத்தைக் கிழித்து நடுக்கூழில் ஒரு சொட்டு வினிகர் விட்டு, பூதக்கண்ணாடியில் பாருங்கள். நுண்ணிய குமிழ் கிளம்பினால் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அமிலத்தைக் கொஞ்சம் தாங்கும். சோதனையை மேற்பூச்சில் செய்தால் ஏமாந்துபோவோம்; பளபளப்பு அட்டையின் பூச்சில் எப்படியும் சுண்ணாம்பு இருக்கும். புகைப்பட ஃபிரேம் போடுபவர்களின் அமிலமற்ற மவுண்ட் போர்டு இதைவிட உசத்தி. கனமும் விலையும் ஜாஸ்தி என்பதால் பத்துப் பதினைந்து அரிய இதழ்களுக்கு மட்டும் சரி.

வெட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 23க்கு 36 அங்குலத் தாளில், அமெரிக்க மாத இதழ் அளவுக்கு 7க்கு 10.5 அங்குல அட்டை வெட்டச் சொன்னால், கட்டிங் மிஷின்காரர் மனக்கணக்கு போட்டு, ‘பத்து விழும்’ என்பார். 10.5-ஐ 23 பக்கம் இரண்டாகவும், 7-ஐ 36 பக்கம் ஐந்தாகவும் போட்டால் பத்துதான். ஆனால் தாளின் கிரெய்ன், அதாவது நார் ஓடும் திசை, 36 அங்குலப் பக்கமாக இருக்கிறதென்றால், அந்தப் பத்திலும் கிரெய்ன் குறுக்கே நிற்கும். அப்படிப்பட்ட அட்டை ஈரத்தில் தளர்ந்து, நிற்க வைத்த புத்தகத்தோடு இடுப்பொடிந்து குனிந்துவிடும். திருப்பிப் போட்டு வெட்டினால் ஒன்பதுதான் விழும், ஆனால் கிரெய்ன் உயரவாக்கில் நிற்கும், அட்டை விறைப்பாக இருக்கும். ஒன்பதையே வாங்குங்கள். கிரெய்ன் தெரியாவிட்டால் தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எப்படி வளைத்தால் எதிர்ப்பில்லாமல் குழலாகச் சுருள்கிறதோ, அந்தக் குழல் நீளும் திசைதான் கிரெய்ன். அட்டை புத்தகத்தைவிட எல்லாப் பக்கமும் 2, 3 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், இடிபட்டால் அட்டையின் மூலை மடங்கும், புத்தகத்தின் மூலை தப்பும்.

ஈர உறிஞ்சி என்ற பெயரில் விற்கும் 5 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஏறக்குறைய மனத் திருப்திக்குத்தான். ஈரம் பெட்டிக்குள் இருக்கும் காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு தாளுக்குள் இருக்கிறது. மழைக்கால ஈரத்தில் ஊறிய தாள் தன் எடையில் பத்து சதவீதம் அளவுக்குத் தண்ணீர் வைத்திருக்கும். 10 கிலோ புத்தகத்தை 7 சதவீதத்துக்குக் கொண்டுவர 300 கிராம் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஜெல் தன் எடையில் கால் பங்கு இழுக்கும் என்று வைத்தால் 1.2 கிலோ ஜெல், அதாவது 240 பொட்டலம். மூன்று பொட்டலம் போட்டு மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அதனால் புத்தகத்தை முதலில் உலர்த்தி, பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஜெல் அந்த நிலையைக் காக்க மட்டும். அதற்குச் சென்னையில் காசில்லாமல் ஒரு நேரம் இருக்கிறது: மே, ஜூன் மாதங்களில் மேற்குக் காற்று அடிக்கும் நாள்களின் முற்பகல். கடல் காற்று உள்ளே வருவதற்கு முன்பு, வெயில் மண்டையைப் பிளக்கும் அந்த நேரத்தில் காற்றில் ஈரம் நன்றாக இறங்கியிருக்கும். கடலோரமான ராயபுரத்தில் கடல் காற்று முதலில் நுழைந்துவிடும், பெரம்பூரில் கொஞ்சம் தாமதமாக வரும். நிழலான அறையில் இரண்டு மூன்று முற்பகல்கள் புத்தகங்களைப் பரப்பி, கடல் காற்று வருவதற்குள் பெட்டியை மூடிவிடுங்கள். ஏ.சி. இருந்தால் டிரை மோடில் ஒரு நாள் ஓட்டினாலும் சரிதான். வெயிலில் மட்டும் காய வைக்கக் கூடாது. செய்தித்தாள் ரகத் தாள் ஒரே நாளில் மஞ்சளடிக்கத் தொடங்கும்.

ஜெல் வாங்கினால் ஆரஞ்சு நிறத்தில் இருந்து மாறுவதை வாங்குங்கள். நீல ரகத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வறுத்தால் திரும்பவும் உழைக்கும். எந்த நிறமானாலும் சமைக்கும் பாத்திரம் வேண்டாம். ஈரம் அளக்கும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றும் பெட்டிக்குள் இருக்கட்டும். அது சொல்வது சரியா என்று பார்க்க, ஒரு மூடியில் தூள் உப்பைத் தண்ணீர் தெளித்து ஈரமணல் பதத்தில் பிசைந்து, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் மூடி, 12 மணி நேரம் கழித்துப் பாருங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 80 காட்டினால் இனி எப்போதும் 5 கழித்துப் படியுங்கள். பெட்டிக்குள் 45 முதல் 55 நல்லது, 65 தாண்டினால் பூஞ்சைக்கு அழைப்பு.

பெட்டி பற்றிப் பேச அதிகமில்லை. முக்கோணத்துக்குள் 5 போட்ட (பி.பி.யின் குறி அது) பிளாஸ்டிக் லாக் பெட்டி, மூடியில் ரப்பர் வளையம். ஒரு தாள் துண்டை மூடியிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நழுவி வந்தால் காற்றும் நுழையும். அட்டைப்பெட்டி கரப்பானுக்குச் சத்திரம். அந்துருண்டை வேண்டாம், சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், வாசனை தாளை விட்டுப் போகவே போகாது. வேப்பிலை தன் ஈரத்தையும் சேர்த்துக் கொண்டு வரும்.

சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகும் அந்த வட்டாரத்தில் பழைய புத்தகம் தேடுகிற பழக்கம் எரியவில்லை. அங்கே இருந்து வரும் எதையும் நேராக இந்தப் பெட்டிக்குள் சேர்க்காதீர்கள். தனிக் கவரில் மூன்று வாரம் வையுங்கள். அடியில் பொடி உதிர்ந்தாலோ, ராமபாணப் பூச்சி ஓடினாலோ, கவரோடு ஃப்ரீசரில் இரண்டு வாரம் போடவும். வாங்கும்போதே பக்க எண்ணை வரிசையாகப் பாருங்கள். காணாமல் போவது பெரும்பாலும் நடுத்தாள்தான், துரு வளையத்தால்.

துருப்பிடித்த பின்னை எடுக்க வெளியிலிருந்து நெம்பக் கூடாது. நடுப்பக்கத்தைத் திறந்து, உள்ளே மடங்கியிருக்கும் இரண்டு கால்களையும் நகம் ராவும் மழுங்கிய தகட்டால் நிமிர்த்தி, பிறகு முதுகுப் பக்கமிருந்து மெல்ல மேலே தூக்கினால் தாள் கிழியாமல் வரும். கால் ஒடிந்தால் ஒடியட்டும். அதே ஓட்டைகளில் பருத்தி நூல் கோத்து, முடிச்சை உள்பக்கம் போட்டால் போதும், இனித் துரு கிடையாது. செல்லோ டேப் பக்கமே போகாதீர்கள், லேமினேஷன் பக்கம் இன்னும் போகாதீர்கள்.

பைண்டிங் சேவையைப் பற்றிக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து இதழைச் சேர்த்து ஒரு வால்யூமாக்கிக் கொடுக்கும் சாதாரண பைண்டருக்குப் பழக்கம் கல்லூரி ரெக்கார்டு நோட்டும் கணக்குப் புத்தகமும்தான். அவர் மூன்று பக்கமும் டிரிம் பண்ணுவார். ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. போனாலும் ஓரத்து வசன பலூனில் கடைசி எழுத்து காணாமல் போகும். பக்கவாட்டில் துளை போட்டுத் தைப்பார். அதனால் உள் ஓரக் கட்டங்கள் பள்ளத்துக்குள் புதைந்துவிடும், புத்தகம் விரியாது. பசை மைதாவில் காய்ச்சியது, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) போட்டது. பூச்சி வராது, வாஸ்தவம். ஆனால் மயில்துத்தம் அமிலத் தன்மை உள்ளது, தாளைத் தின்னும். வேலை சுத்தம், விலை நியாயம், சேகரிப்பாளருக்கு மட்டும் நஷ்டம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மூன்று வாக்கியத்தை ஒரு சீட்டில் எழுதி வால்யூமோடு கட்டி விடுங்கள்: டிரிம்மிங் கூடாது, அட்டையைக் கிழிக்கக் கூடாது, தையல் மடிப்பில் மட்டும். வாயால் சொன்னது கட்டிங் மிஷின் வரைக்கும் போய்ச் சேராது. தனித்தனி இதழாக மதிப்புள்ள எதையும் கொடுக்கவே வேண்டாம்.

கடைசியாக, எந்தக் கடைச் சரக்கும் தாங்காத ஒன்று: வீட்டுக்குள் வரும் வெள்ளம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் பக்கத்துக்காரர்களுக்கு 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மறந்திருக்காது. லாக் பெட்டி மிதக்கும், கவிழ்ந்தால் கசியும். அதனால் பரணில்தான் அதற்கு இடம். நனைந்துவிட்டால் பழைய கறுப்பு வெள்ளை இதழ்கள் பிழைத்துக்கொள்ளும். நிற்க வைத்து, விசிறி மாதிரி விரித்து, மின்விசிறிக் காற்றில் காய விட்டால் நெளிந்து போகும், ஆனால் படிக்கலாம். 2012-க்குப் பிறகு வந்த வண்ண ஆர்ட் பேப்பர் இதழ்கள்தான் சிக்கல். அந்த வழவழப்பு களிமண் பூச்சு; நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று பிடித்து முழுப் புத்தகமும் ஒரே செங்கல் ஆகும். அவை ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்து, இடையே பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். உடனே உட்கார நேரமில்லையென்றால் நல்ல தண்ணீரில் அலசி, கவரில் போட்டு, ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்திருக்கும் வரை ஒட்டவும் செய்யாது, பூஞ்சையும் பிடிக்காது. பிறகு ஒரு நாளைக்கு ஒரு புத்தகமாக எடுத்து, முழுக்க இளகியதும் பிரித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே காசிமேட்டு வஞ்சிரம் இருக்கும் ஃப்ரீசர் என்றால் கவர் இரண்டாகப் போடவும்.